டேரில் பாடும் அப்பா

எண்ணெய் முகாம், வட ஆல்பர்ட்டா

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? எனக்கு இங்கே சாப்பாட்டுக்குக் குறையில்லை.

என்னை டிரம்ஸ் அடிக்கவிட்டு, பெயர் வந்ததும் கழற்றிவிட்ட அந்தப் பழைய ராக் குழு புது ஆல்பம் போட்டிருக்கிறது. நேற்று சாப்பாட்டுக் கூடத்தில் ஓடியது. உறைந்த ஏரியின் பனி உடைந்து மூழ்கிப்போன தன் அப்பாவை நினைத்து, குழுவின் பாடகன் டேரில் ஒரு பாட்டில் உருகுகிறான். அம்மா, அது நம் அப்பாவின் கதை. நண்பன் என்று நம்பி நான் அவனிடம் சொன்னது.

"பாவம்யா, அப்பனை இப்படிப் பறிகொடுத்திருக்கான்," என்றான் கூட வேலை செய்யும் லைல்.

"அவங்கப்பன் பல் டாக்டர். இன்னும் கோல்ஃப் ஆடிட்டுத் திரியுறார்," என்றேன்.

"பொறாமைடா கிழவா உனக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். அந்த ஆல்பத்தை யாராவது கொண்டுவந்தால் கேட்காதீர்கள். பாவி, நன்றாகப் பாடியிருக்கிறான். நானே அழுதுவிட்டேன்.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது.

வெண்டல்