வெயிட்டிங் ரூமில் வளைகாப்பு

நகரி,
திங்கட்கிழமை.

பவ்யாவுக்கு,

உன்னைப் பெற்ற யமுனா எழுதுவது. சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ சுகமாக இருப்பதைத்தான் எங்கள் தெருவே போனில் பார்த்துவிட்டதே. என் போனிலிருந்து உன் நம்பரை உன் நைனா அழித்துவிட்டார், அதனால்தான் இந்தத் தபால். பாசத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

வளைகாப்பு முடிந்த மறுநாளே எதிர்வீட்டுக் கங்கம்மாள் தறிக்கூடத்துக்கே வந்து போனை நீட்டினாள். இன்னாம்மா யமுனா, உம் பொண்ணுக்கு ரயிலடியில வளைகாப்பு நடந்து கீது, நீ இங்க நூலு சுத்திக்கினு கீறியே என்று கேட்டாள். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டாள். நாலு தறிக்காரரும் திரும்பிப் பார்த்தார்கள். உன் நைனா எழுந்து வெளியே போய்விட்டார். இந்த மனுஷன் ஊரில் யாருக்கும் தலைகுனிந்தவர் இல்லை. ஓடிப்போய் வேறு ஜாதியில் கட்டிக்கொண்டு ஒருதரம் குனிய வைத்தாய், போதாதா?

என்ன இடம் பிடித்தாயடி! அநாதைக்குக்கூடக் கோயில் மண்டபம் கிடைக்கும். உனக்கு லேடீஸ் வெயிட்டிங் ரூம்தானா கிடைத்தது? வெள்ளைக்காரன் காலத்து ஸ்டேஷனாம், பெரிய பேராம். வாசலில் கருங்கல் வளைவு, அதன் நெற்றியில் கட்டிய வருஷம், பிளாட்பாரத்தில் உச்சியில் இலையும் கொடியும் வார்த்த இரும்புத் தூண்கள். கூரை எங்கேயோ ஆகாயத்தில் இருக்கிறது, அதில் புறா குடித்தனம் பண்ணுகிறது. பார்க்கிறவன் போட்டோ எடுத்துக்கொண்டு போவான். பிள்ளைத்தாய்ச்சி அங்கே என்ன செய்வாள்?

புதுசாக முகப்புக்கு மஞ்சள் விளக்கு, வண்டி நேரம் காட்டப் பெரிய போர்டு, போன் சார்ஜ் போட வரிசையாகப் பிளக்கு. லிப்டுக்கு மட்டும் பூட்டு. குடிதண்ணீர்க் குழாய் வரிசையில் ஒன்றில்தான் தண்ணீர் வருகிறது. பாத்ரூம் சாவி ஸ்டேஷன் மாஸ்டர் ரூமில் ஆணியில் தொங்குகிறது. ஒன்பது மாத வயிற்றோடு ஒவ்வொரு தடவையும் நீ போய் ஆம்பிளைகளிடம் கேட்டு வாங்க வேண்டும். தூ! அந்த ஓவர்பிரிட்ஜ் படிகளைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு படியும் முழங்கால் உயரம். அதில் நீ கம்பியைப் பிடித்து ஏறி, நடுவில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டாய். உன் கூட வந்தவள் செல்லைப் பார்த்துக்கொண்டு முன்னால் போகிறாள்.

எப்படித் தெரியும் என்று கேட்பாய். கேள், சொல்கிறேன். உன்னோடு ரயிலில் வேலைக்குப் போகிற துர்காதேவி கங்கம்மாள் நம்பருக்குப் போன் பண்ணி முன்னாடியே எங்களைக் கூப்பிட்டிருந்தாள். வீட்டு ஓனர் கூட்டம் கூடாது என்றுவிட்டாராம். மாப்பிள்ளை வீட்டிலும் யாரும் வரப்போவதில்லையாம். தினமும் வண்டிக்கு உட்காருகிற அறைதானே, அங்கேயே பண்ணிவிடுகிறோம் என்றாளாம். வரமாட்டோம் என்று சொல்லச் சொன்னார் உன் நைனா. அப்படியே சொல்லிவிட்டு, மறுநாள் திருச்சானூர்க் கோயிலில் தாயாரைப் பார்க்கப் போகிறேன் என்று வண்டி ஏறினேன். வழியில் உங்கள் ஸ்டேஷன் வந்தது. இறங்கினேன். அவ்வளவுதான்.

உன் புருஷன் கல் வளைவுக்குக் கீழே நின்று வந்தவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தான். எனக்கும் போட்டான். என்னை அவன் பார்த்ததே இல்லையே. சட்டைக் காலரைச் சரியாக மடக்கத் தெரியாதவனை நம்பி வீட்டை விட்டுப் போனாயே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உள்ளே வராமல் தூண் பக்கம் நின்றேன். ஜன்னல் உயரம், ஆனாலும் தெரிந்தது. அந்தப் பழைய தேக்கு பெஞ்சில் உன்னை உட்கார வைத்திருந்தார்கள். உனக்கு நலங்கு வைக்கும்போது மைக்கில் வண்டி லேட் என்று மூன்று பாஷையில் சொன்னான். எல்லாரும் சிரித்தீர்கள். நீயும் சிரித்தாய். எனக்கு வயிறு எரிந்தது.

அப்போது துர்காதேவி வெளியே வந்து என்னைப் பார்த்தாள். அம்மா, வளையல் போட ஒரு சுமங்கலி கொறையுது, உள்ள வந்து ரெண்டு போட்டுட்டுப் போங்கம்மா, பாவம், அந்தப் பொண்ணுக்குப் பெத்தவங்க யாரும் வரல என்றாள். பாவமாம்! எனக்கு வண்டி வருதும்மா என்றேன். அவள் விடாமல் ஒரு தட்டில் புளிசாதமும் தேங்காய் சாதமும் கொண்டுவந்து கொடுத்தாள். தேங்காய் சாதத்தில் உப்பே இல்லை. என் மகள் வளைகாப்புச் சோற்றை வழிப்போக்கர் மாதிரி பிளாட்பாரத்தில் நின்று தின்றேன். இதை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன், உன்னையும் மறக்க விடமாட்டேன்.

வளைகாப்பு முடிந்தால் தாய்வீட்டார் கூட்டிப்போவது முறை. உன்னை யார் கூட்டிப்போனது? கை நிறைய வளையலும் கன்னத்தில் சந்தனமுமாகத் திருப்பதி வண்டியில் ஏறி வேலைக்குப் போனாய். முண்டியடித்து ஏறுகிற கூட்டத்தில் உன் வயிற்றில் ஒருத்தன் பை இடித்தது. நான் என்னை மறந்து டேய் என்று கத்திவிட்டேன். நீ திரும்பிப் பார்த்தாய், தூண்தான் தெரிந்திருக்கும். வண்டி போன பிறகும் அங்கேயே நின்றேன். தாயாரைப் பார்க்கப் போகவே இல்லை.

வீட்டுக்கு வந்து உன் நைனாவிடம் கேட்டேன், தலைப்பிரசவத்துக்காவது கூட்டி வந்துவிடலாமா என்று. அவ உள்ள வந்தா நா வெளிய பூடுவேன் என்றார். சோறு போடும்போது கேட்டேன், படுக்கும்போது கேட்டேன். மனுஷன் கல்லு மாதிரி இருந்தார். நேற்று, அவ்ளோ ஆசையா கீதா, நீயே போ, போனா இந்தப் பக்கம் திரும்பி வராத என்று கத்தினார். சரி என்றேன். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் என்னையே பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். ஆபீசில் லீவு எழுதிக் கொடுத்துவிடு, இனிமேல் நீ எந்த வண்டியும் ஏற வேண்டாம். உங்கள் ஒற்றை அறை வீட்டில் நான் எங்கே படுப்பது என்று உன் புருஷனை யோசித்து வைக்கச் சொல். என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்து அழுகிற வேலையெல்லாம் வைத்துக்கொள்ளாதே. எனக்குக் கோபம் தீரவில்லை, இப்போதைக்குத் தீராது. உன்னோடு சண்டை போடத்தான் வருகிறேன், நீயும் போடு. ஆனால் பார்த்துப் போடு. கோபித்துக்கொண்டு கிளம்பிப் போக எனக்கு இனிமேல் வீடு இல்லை.

தாயார் புண்ணியத்தில் தாயும் பிள்ளையும் நல்லபடியாக வேறு வேறாகட்டும்.

இப்படிக்கு,
அம்மா