இருபத்தைந்தில் சரியாக இருந்தது

மார்ச் 3, செவ்வாய்

காலையில் பட்டறைக்குள் நுழைந்தால் சுவர் அலமாரி காலி. பல் பிடுங்கின வாய் மாதிரி. இந்த மருத்துவமனையில் இருக்கும் கருவிகளின் கையேடுகள் அறுபத்தொன்று. பத்தொன்பது வருஷமாக நான் வரிசைப்படுத்தி வைத்தவை. பழைய காகிதம் எடுக்கிறவரின் வண்டியில் நேற்று மத்தியானமே போய்விட்டனவாம். நேற்று எனக்கு அரைநாள் விடுப்பு. நேரம் பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள்.

நிர்வாகி சிரித்துக்கொண்டே வந்தார். "எல்லாம் நெட்ல இருக்கு மேடம். தட்டினா வருது. இந்தத் தூசியக் கட்டிக்கிட்டு எதுக்கு மாரடிக்கணும்?"

நான் என்ன சொன்னேன்? "சரி சார்." அவ்வளவுதான். பொறியியல் பட்டம், பத்தொன்பது வருஷ அனுபவம், வாயில் வந்தது "சரி சார்".

வீட்டுக்கு வந்து குக்கர் மூடியை டமாலென்று வைத்தேன். "பேச வேண்டிய இடத்துல பேசிட்டு வா. மூடி உனக்கு என்னடி பண்ணுச்சு?" என்றாள் அக்கா.

மார்ச் 4

இன்றும் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 12, வியாழன்

குறைமாதக் குழந்தைகள் வார்டில் மூன்றாம் நம்பர் இன்குபேட்டரின் சென்சார் செத்துவிட்டது. குழந்தையின் வயிற்றில் ஒட்டுகிற, பொட்டு அளவே உள்ள சென்சார். அது சொல்லும் சூட்டை நம்பித்தான் பெட்டி ஹீட்டரைக் கூட்டும், குறைக்கும். கம்பெனியிலிருந்து வர மூன்று வாரமாம். வார்டில் பெட்டி பற்றாமல் கத்துகிறார்கள்.

எங்கள் டெக்னீஷியன், வேகத்துக்காக எல்லோரும் ராக்கெட் என்று கூப்பிடுகிறவன், கால் மணி நேரத்தில் போனை நீட்டினான். பழுதுபார்ப்பவர்கள் கூடிப் பேசும் ஏதோ ஒரு தளம். "இந்த மாடலுக்கு எந்தப் பத்தாயிரம் ஓம் சென்சாரும் பொருந்தும். 25 டிகிரியில் பத்தாயிரம் காட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள், போதும்."

"யாருப்பா இது எழுதினது?"

"பேரு இல்ல மேடம். பூனை படம் போட்டிருக்கு. ஆனா எரநூத்திச் சொச்சம் பேரு லைக் போட்டிருக்காங்க."

"பூனைக்கா?"

சிரித்தான். நானும் சிரித்தேன். கிடங்கிலிருந்து ஒன்றை எடுத்து வந்தான். பட்டறையில் ஏசி எப்போதும் 25. மின்தடை அளக்கும் மீட்டரை வைத்தேன். பத்தாயிரம், அச்சு அசலாக. சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 16, திங்கள்

பதினொரு மணிக்கு வார்டு சிஸ்டர் போன் பண்ணினார். இருபத்தாறு வருஷ சர்வீஸ், குரல் உயர்த்தியே நான் கேட்டதில்லை. "மேடம், உங்க பெட்டி பொய் சொல்லுது. மேல வாங்க."

ஓடினேன். பெட்டியைக் கிருமி நீக்கி முடித்து, இன்று காலை எட்டு மணிக்குத்தான் ஒரு குழந்தையை மூன்றாம் பெட்டிக்கு மாற்றியிருக்கிறார்கள். ஒன்றரைக் கிலோ கூட இல்லை. திரையில் 36.5. நெற்றியைத் தொட்டுப் பார்த்த சிஸ்டருக்குச் சந்தேகம். அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தால் 38.3. உடனே வெளியே எடுத்துவிட்டார். நான் போனபோது குழந்தை சிவந்து கிடந்தது. அழக்கூட இல்லை.

எதிரே நின்ற அதன் அம்மாவை நான் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

குழந்தைக்கு உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. டிரிப் ஏறுகிறது. இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர்.

சிஸ்டரைச் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்! மணிக்கு ஒரு முறை கையால் சூடு பார்க்க வேண்டுமாம், மூன்று மணி நேரம் பார்க்கவில்லையாம். பதினான்கு குழந்தைக்கு ஒரே ஆள். மணிக்கு ஒரு முறை எப்படிப் பார்ப்பாள், பத்துக் கையா இருக்கு அவளுக்கு? கண்டுபிடித்தவள் தலையிலேயே கட்டுகிறார்கள். அடுப்பு எரியுதுன்னு சொன்னவளைத்தான் அடுப்பு மூட்டினவள்னு பிடிப்பாங்களா?

நான் மூட்டினேனா? தெரியவில்லை. நாளைக்குத் தெரிந்தாக வேண்டும்.

மார்ச் 18, புதன்

ஊரின் அந்தக் கோடியில் இன்னொரு மருத்துவமனையில் இதே மாடல் இருக்கிறது. அவர்களிடம் கையேடும் இருக்கிறது. கிடங்குக்காரர் மேசை மேல் வைத்துவிட்டு என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். "எச்சில் தொட்டுப் புரட்டாதீங்கம்மா. எங்க வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகூட இவ்ளோ பத்திரமா இல்ல."

112-ஆம் பக்கம். ஒவ்வொரு டிகிரிக்கும் எத்தனை ஓம் என்று அட்டவணை. கீழே: 25, 37 இரண்டு சூட்டிலும் நீரில் வைத்துச் சோதிக்கவும்.

பட்டறைக்குத் திரும்பி வெந்நீர்த் தொட்டியில் 37 வைத்து நம் சென்சாரைப் போட்டேன். அட்டவணைப்படி 5990 வர வேண்டும். வந்தது 6400. மூன்று முறை பார்த்தேன். 6400.

இரண்டு வகை சென்சாரும் 25-இல் ஒன்றுபோலவே இருக்கும். சூடு ஏற ஏற ஓம் குறைய வேண்டும்; இதில் குறைவது போதாமல் இரண்டும் பிரிந்துவிடும். குழந்தை சரியான சூட்டில் இருந்தாலும் குளிர்கிறது என்று பெட்டிக்குச் சொல்லியிருக்கிறது இது. பெட்டியும் நம்பிச் சூட்டைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது. 25 டிகிரியில் எந்தக் குழந்தை படுக்கிறது? அதை யோசிக்க எனக்குக் கையேடு வேண்டுமா? படித்தவள்தானே? சீ.

மார்ச் 19

அக்காவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "புத்தகம் இருந்திருந்தா எடுத்துப் பாத்திருப்பியா?" என்றாள்.

பார்த்திருப்பேன் என்று கத்தினேன். பார்த்திருப்பேனா? அன்று இருந்த அவசரத்தில்?

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், வெட்கமாக இருந்தாலும். இன்று மத்தியானம் கம்பெனியின் சொந்தத் தளத்தில் தேடினேன். கருவியின் எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. இருபது நிமிஷம். முழுக் கையேடும் இருக்கிறது. அதே 112-ஆம் பக்கம், அதே அட்டவணை. நிர்வாகி சொன்னது பொய்யில்லை. நெட்டில் இருந்தது. பூனை முதலில் வந்தது, பூனையோடு நிறுத்திக்கொண்டோம்.

இதனால் அவர் மேல் கோபம் குறையும் என்று பார்த்தேன். குறையவில்லை. என் மேல் இருப்பதும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

குழந்தை பால் குடித்ததாம். டாக்டர் ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டார்.

மார்ச் 20, வெள்ளி

நிர்வாகி அறிக்கை தயாரித்துக் கொண்டுவந்தார். "25 டிகிரியில் சோதித்தபோது சென்சார் சரியாக இருந்தது. பணியில் இருந்த செவிலியர் மூன்று மணி நேரம் நேரடியாகச் சூடு பார்க்கவில்லை." இரண்டு வாக்கியம். இரண்டிலும் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இப்படி எழுத எங்கே கற்றுக்கொள்கிறார்கள்!

"37-ல தப்பா காட்டுது சார்."

"அத யாரு கேட்டா? தாள்ல 25-தான இருக்கு. கையெழுத்துப் போடுங்க மேடம். உங்களையும் சேத்துத்தான் காப்பாத்துறேன்."

"சிஸ்டர?"

"அவங்களுக்கு ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம்தான இருக்கு."

தாளைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினேன். "திங்கக்கிழமை கமிட்டி முன்னால பேசிக்கிறேன்" என்றேன். பத்தொன்பது வருஷத்தில் அந்த ஆளிடம் நான் பேசிய மிக நீளமான வாக்கியம் இதுதான்.

போகும்போது ராக்கெட் கதவோரம் நின்றான். முகம் செத்திருந்தது. "மேடம், எனக்கு ரெண்டு புள்ளைங்க."

"எடுத்துக் குடுத்தது நீ. சரின்னு ஏத்துக்கிட்டது நான். போய் வேலையப் பாரு." கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். பிறகு, "திங்கக்கிழமை ஃபிளாஸ்க்ல வெந்நீர் கொண்டுவா" என்றேன்.

மார்ச் 23, திங்கள்

ஐந்து பேர் கமிட்டி. கிண்ணத்தில் வெந்நீரும் கொஞ்சம் பச்சைத்தண்ணீரும் ஊற்றி 37-க்குக் கொண்டுவந்தேன். தெர்மாமீட்டர், சென்சார், மீட்டர். பக்கத்தில் 112-ஆம் பக்கம். ஐந்து பேரும் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்கள். கடைசியில் வந்த கண் டாக்டர் மட்டும் விரலை விட்டுப் பார்த்தார்.

நிர்வாகி முந்திக்கொண்டார். "நெட்ல தப்பான தகவல் குடுத்திருக்காங்க சார். நாம என்ன பண்ண முடியும்?"

"நெட் கையெழுத்துப் போடல சார். நான் போட்டேன்."

கையேடுகளைத் தூக்கிப் போட்டதையும் சொன்னேன். அன்றைக்கு நான் வாய் திறக்காததையும் சொன்னேன். சிஸ்டர் தொட்டுப் பார்க்காமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் குழந்தைகள் டாக்டரே சொல்லட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் சொன்னார். அந்த வார்த்தையை இங்கே எழுத மாட்டேன்.

வெளியே வந்து கழிவறையில் முகம் கழுவினேன். கோபம் அப்படியே இருந்தது.

மார்ச் 27

சிஸ்டர் வேலைக்குத் திரும்பிவிட்டார். எனக்குச் சோதனைத் தாளில் கையெழுத்திடும் அதிகாரம் ஒரு வருஷத்துக்கு இல்லை. நிர்வாகிக்கு ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை! "வருந்துகிறோம்" என்று ஒரு சுற்றறிக்கை, அதுவும் அவர் கையெழுத்தில்.

ஏப்ரல் 9, வியாழன்

குழந்தையை இன்று வீட்டுக்கு அனுப்பினார்கள். போகிற வழியில் அதன் அம்மா பட்டறைக்கு வந்தாள். சின்னப் பெண், இருபத்தைந்து இருக்கும். துணிக்குள் முகம் மட்டும் தெரிந்தது.

"அந்தப் பெட்டி சரியா இருக்குன்னு சொன்னது நீங்களா?"

"நான்தாம்மா."

திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை.

"இப்ப அதுல வேற குழந்தை இருக்கு. பாத்துட்டுத்தான் வரேன். சரி பண்ணிட்டீங்களா?"

"கம்பெனி சென்சார் வந்துடுச்சு. மாத்தியாச்சு. 25, 37, ரெண்டுலயும் பாத்தாச்சு."

"யாரு பாத்தாங்க?"

"நான் பாத்தேன்."

துணியை இழுத்துக் குழந்தையின் தலையை மூடினாள். "வேற யாராவது பாத்தாங்களா?"

ராக்கெட்டைக் கூப்பிட்டேன். அவனும் தனியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட சோதனைத் தாளை அவளிடம் காட்டச் சொல்லிவிட்டு நான் தள்ளி நின்றேன்.