பசை போடாத பெட்டிகள்

ஜூன் 7

பேக்கரிக்கு இன்று பசை போட்டாயிற்று. கதவு பச்சையா நீலமா என்ற சண்டையிலேயே பாதி மாலை கழிந்தது. யாராவது வெளியாள் எட்டிப் பார்த்தால், வயதான பத்துப் பேர் அச்சகத்து மாடியில் தீப்பெட்டி வைத்து விளையாடுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். தப்பும் இல்லை. ஊர் வரலாற்றுக் கழகம் என்று பலகையில் இருக்கிறது. செய்வது என்னவோ, சாலையை அகலப்படுத்துவதற்கு முன்னால் இருந்த கடைத்தெருவை அட்டையிலும் தீப்பெட்டியிலும் மறுபடி கட்டுவது.

ஒரு கடை இங்கே இருந்தது என்று ஒருவர் சொன்னால் போதாது. இன்னொரு வாயும் சொல்ல வேண்டும். ஒரே வீட்டு வாய் எத்தனை இருந்தாலும் ஒன்றுதான். அப்புறம்தான் செயலாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "பசை போடலாமா?" என்பார். நில அளவைத் துறையில் வேலை பார்த்த மனுஷன், எதையும் அளக்காமல் நம்பமாட்டார். பசை காயும்வரை மின்விசிறி கிடையாது. வியர்த்துக் கொட்டும். பழகிவிட்டது.

இரண்டு வாய் விதியைக் கொண்டுவந்தவளே நான்தான். கோட்டையை அடக்க வேறு வழி தெரியவில்லை. கோட்டை என்பது எங்களில் ஒருவருக்கு நாங்கள் வைத்த பெயர். விட்டால் தெருவில் பாதி தன் தாத்தாவுடையது என்பார். தாத்தாவின் குதிரை லாயம் என்று அவர் செய்து கொண்டுவந்த அட்டைப்பெட்டி, வருஷக்கணக்கில் பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கிறது. சாட்சி இல்லாதவை எல்லாம் அந்த டின்னுக்குத்தான் போகும்.

ஜூன் 14

அடுத்தது தையல் கடை. அதற்கும் பேக்கரிக்கும் நடுவில் அப்பாவின் கடை. இந்த இடம் வரட்டும் என்று இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். தீப்பெட்டிக்கு நீல வர்ணம் பூசி, மாடிப்படி மாதிரி மேலே ஒரு அட்டையை மடித்து ஒட்டி, கைப்பையில் வைத்து எடுத்துப் போனேன். கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி இருந்தது எனக்கு.

"இந்த ரெண்டுக்கும் நடுவுல சுவர்தாம்மா இருக்கு. இடமே இல்லையே" என்றார் செயலாளர். வரைபடத்தை விரித்தும் காட்டினார். மாடிப்படிக்குக் கீழே இருந்த கடை சார், படம் போடுகிறவர்கள் படியைத்தான் போட்டிருப்பார்கள் என்றேன். ரேடியோ ரிப்பேர் கடை, ஒரு ஸ்டூல், ஒரு விளக்கு, அவ்வளவுதான் என்றேன். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தையல் கடை ஞாபகம் இருக்கிறது. பேக்கரி ஞாபகம் இருக்கிறது. அதன் பூனைகூட ஞாபகம் இருக்கிறது. அப்பா ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை.

டின்னைத் திறந்து நானே உள்ளே வைத்தேன். லாயத்துக்குப் பக்கத்தில்.

அழவில்லை. வீட்டுக்கு வந்துதான் –

ஜூன் 15

அலமாரி துடைத்தேன். ரேடியோவையும். பாடி எத்தனையோ காலம் ஆகிறது, ஆனாலும் ஞாயிறு தவறாமல் துடைத்துவிடுவேன். அப்பா விட்டுப்போனது இது ஒன்றுதான். உடைந்த திருகுக்குப் பதிலாக பற்பசை மூடியை மாட்டியிருக்கிறார் பாருங்கள், அங்கேதான் அவர் மூளை. சின்ன வயதில் அந்த மூடியைத் திருகத் திருக ஊர் ஊராகக் குரல் வரும். அம்மா சமையலறையிலிருந்தே "சத்தத்தைக் குறை" என்பாள். குறைக்க மாட்டோம்.

தங்கையிடம் போனில் சொன்னேன். நான் வந்து சாட்சி சொல்லட்டுமா என்கிறாள். ஒரே வீட்டு வாய், செல்லாது. தவிர அப்பா போனபோது அவள் தொட்டிலில்.

ஜூன் 28

கூட்டம் முடிந்து படி இறங்கும்போது கோட்டை பின்னாலேயே வந்தார். சுற்றி வளைக்கவில்லை.

"உங்க அப்பா கடையை நான் பார்த்தேன்னு சொல்லிடறேன். நீங்க எங்க தாத்தா லாயத்தைப் பார்த்தேன்னு சொல்லிடுங்க. ஆளுக்கு ஒரு வாய். முடிஞ்சுது."

சிரிப்பு வந்தது. அதைவிட ஆசை வந்தது, அதுதான் பயம். அடுத்த மாதம் கண்காட்சி. ஊரே வந்து பார்க்கும். அதில் அப்பா இல்லை என்றால் அப்புறம் எப்போதும் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

தெருமுனை வரை போனவர் திரும்பி வந்தார். "யாராவது கேட்டா சொல்லணுமே. அப்பாவுக்கு மீசை உண்டா?"

ஜூன் 29

உண்டா? கல்யாணப் போட்டோவில் இருக்கிறது. கடையில் உட்கார்ந்திருந்தபோது? எனக்கு நினைவிருப்பது அவருடைய பிடரிதான். சுவரைப் பார்த்துக் குனிந்து வேலை செய்வார். ஈயம் உருகும் வாசனை. நான் கடைசிப் படியில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருப்பேன். முகத்தைத் திருப்பிப் பார்க்க மாட்டேன் என்கிறார். எவ்வளவு யோசித்தும்.

ஜூலை 5

கோட்டையிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பொய்ச் சாட்சியில் அப்பாவை உட்கார வைத்தால் ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியாது. அவர் கோபப்படவில்லை. "லாயம் நிஜமாவே இருந்துச்சும்மா" என்றார், அவ்வளவுதான். அந்தக் குரலை நான் இதுவரை கேட்டதில்லை. இல்லை, கேட்டிருக்கிறேன். போன மாதம், என் வாயிலிருந்து.

ஜூலை 19

கண்காட்சி. தூங்குமுன் எழுதிவிடுகிறேன்.

நல்ல கூட்டம். மகள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா வந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். தெருவோடு தெருவாக விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் பேக்கரிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"இங்க படிக்குக் கீழ ஒருத்தர் உக்காந்திருப்பாரே. எங்க அவரு?"

செயலாளர்தான் கேட்டார், யாரும்மா என்று.

"ரேடியோக்காரர். நாங்க அவரை 'நாளைக்கு'ன்னுதான் கூப்பிடுவோம். எங்க வீட்டு ரேடியோவை வாங்கி வச்சுக்கிட்டு நாளைக்கு வா, நாளைக்கு வான்னே ஓட்டினாரு. நான்தான் நடையா நடப்பேன். ஒரு நாள் போனா கடை பூட்டியிருக்கு. அப்புறம் தொறக்கவே இல்ல. ரேடியோவும் போச்சு. எங்கப்பா என்னைத்தான் திட்டினாரு."

இத்தனை வருஷக் கோபம், சூடு ஆறாமல் வந்தது. எனக்கோ அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. மீசை இருந்ததா என்று மட்டும் கேட்டேன்.

"மீசையெல்லாம் இல்ல. நல்லாச் சிரிப்பாரு. அதனாலதான் திட்டவும் முடியாது."

அப்பா திரும்பிப் பார்த்துவிட்டார்.

நான் அவருடைய மகள் என்றேன். அந்த அம்மாவுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கடை பூட்டிய அன்று அப்பா ஆஸ்பத்திரியில் இருந்ததைச் சொன்னேன், திரும்பி வராததையும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, ரேடியோ போனால் போகட்டும் என்றார். பிறகு ஏதோ நினைத்துச் சிரித்தார்.

"அதுல எங்க அண்ணன் பற்பசை மூடிய மாட்டி வச்சிருந்தான். திருகு உடைஞ்சுபோச்சுன்னு."

ஜூலை 20

தங்கைக்குப் போன். "அப்ப அது நம்ம ரேடியோ இல்லையாக்கா?" என்றாள். இல்லைடி. மூடியும் அப்பா மாட்டியது இல்லை. அம்மாவுக்குத் தெரிந்திருக்குமா? யாருடையது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருப்பாள். கேட்க ஆள் இல்லை.

ஜூலை 22

ரேடியோவைப் பழைய துண்டில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா வேண்டாம் வேண்டாம் என்றார். ஆனால் கை மூடிக்குப் போய்விட்டது. திருகினார். சத்தம் வரவில்லை. அண்ணன் போய் இரண்டு வருஷமாம். நான் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

அலமாரியில் அது இருந்த இடம் மட்டும் வர்ணம் புதிதாக இருக்கிறது. ஆனாலும் அப்பா சொன்ன 'நாளைக்கு' ஒரு வழியாக முடிந்தது.

ஜூலை 26

இன்று செயலாளர் டின்னைத் திறந்து நீலப் பெட்டியை அவரே எடுத்தார். வரைபடத்தில் படிக்குக் கீழே பென்சிலால் ஒரு சின்னக் கட்டமும் போட்டிருந்தார். "பசை போடலாமா?" போட்டோம். சீட்டில் என்ன எழுதுவது என்று கேட்டார். 'ரேடியோ ரிப்பேர். நாளைக்கு கடை' என்று எழுதச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புதான்.

டின்னை மூடப் போனவரை நிறுத்தி, லாயத்தை வெளியே எடுத்தேன். விதியைக் கொண்டுவந்தவளே இப்படிச் செய்யலாமா என்று ஒருவர் முணுமுணுத்தார். பசை வேண்டாம், சும்மா நிற்கட்டும், யாராவது வந்து கேட்பார்கள் என்றேன். தெருக் கோடியில் வைத்தேன். கோட்டை வாயே திறக்கவில்லை. இந்தக் கழகத்தில் அது ஒரு வரலாறு.

பசை காய்ந்துவிட்டது. பயங்கரப் புழுக்கம். விசிறியைப் போட்டால் லாயம் பறந்துவிடும். கூட்டம் முடியும்வரை ஒருவரும் போடவில்லை.