வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

மார்ச் 4

அன்புத் தங்கைக்கு,

நலம்தானே? மூட்டுவலி தேவலையா? நம் வீட்டை விடுதியாக்க ஆர்க்கிடெக்ட் ஒப்புக்கொண்டுவிட்டார். தேக்குத் தூண்களைப் பார்த்துச் சொக்கிப்போய்விட்டாராம். எந்த அறையில் யார் வாழ்ந்தார்கள் என்று எழுதி அனுப்பு. வாசலில் பலகை வைப்போம். உன்னை விட்டால் யாருக்குத் தெரியும்?

உன் குட்டி அண்ணன்

மார்ச் 19

அன்புள்ள குட்டி அண்ணனுக்கு,

வலி அப்படியேதான். தூண்களுக்கு நடுவே சாய்வு நாற்காலி போட்டு வீட்டையே ஆண்டவர் தாத்தா. வண்ணக் கண்ணாடி ஜன்னல் அறை அப்பாவுடையது. மாடிப் பின்னறை அத்தையுடையது. வெளிப்பக்கம் மட்டும் தாழ்ப்பாள் உள்ள ஒரே அறை அதுதான். சுண்ணாம்பு பூச வந்தவரைக் கட்டிக்கொள்வேன் என்று அத்தை சொன்ன பிறகு அப்பா வைத்தது. அப்புறம் அவளைப் பிணமாகத்தான் வெளியே எடுத்தார்கள். இதையும் எழுதவா?

விடுதியானால் நான் எங்கே இருப்பது? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.

தங்கை

ஏப்ரல் 2

அன்புத் தங்கைக்கு,

அத்தை கதையெல்லாம் எதற்கு? தங்க வருகிறவன் தூங்க வேண்டாமா? ‘பெண்கள் ஓய்வறை’ என்று போடச் சொல்லிவிட்டேன். தாழ்ப்பாள் அசல் பித்தளையாம், தேய்த்து வை. பலகையில் நீயும் வேண்டாம். கல்யாணமாகாமல் வீட்டோடு தங்கிவிட்டவள் என்று போட்டால் நன்றாகவா இருக்கும்? பெண்கள் ஹாஸ்டலில் உனக்கு இடம் சொல்லியாயிற்று. திறப்பு விழாவுக்கு முன் காலி செய்துவிடு. கோபித்துக்கொள்ளாதே, செல்லம்.

உன் குட்டி அண்ணன்

மே 11

அன்புள்ள குட்டி அண்ணனுக்கு,

மூட்டை கட்டிவிட்டேன்.

பின்னறையில் பழைய பூச்சை உரித்தபோது கதவோரச் சுவரில் எழுத்துகள் தெரிந்தன. கரண்டிக் காம்பால் கீறியவை. ‘குட்டி, தொறடா.’ தரைவரை அதே இரண்டு வார்த்தைதான். கீழே வர வர எழுத்து சிறுத்துக்கொண்டே போகிறது.

“இத அழிக்கவே கூடாதுங்க,” என்று ஆர்க்கிடெக்ட் அந்தச் சுவரின்மேல் கண்ணாடிச் சட்டம் பொருத்திவிட்டார். “யாரும்மா அந்தக் குட்டி?” என்றார். சொன்னேன். அம்மா மனம் இளகித் திறந்துவிடுவாள் என்றுதானே அப்பா உன்னைக் காவல் வைத்தார்? தாழ்ப்பாள் எட்டாமல் முக்காலி போட்டு ஏறுவாய். “இன்னும் கெஞ்சு அத்தே, அப்பத்தான் தொறப்பேன்,” என்பாய். மாடிப்படியில் உட்கார்ந்து எத்தனை நாள் கேட்டிருக்கிறேன்! நீ திறந்ததே இல்லை.

பலகைக்காரரிடம் ஒரு வரி சேர்க்கச் சொல்லிவிட்டேன். ‘மாடிப் பின்னறை: அத்தை. தாழ்ப்பாள்: குட்டி.’

விழாவுக்கு வரும்போது உனக்கு அந்த அறைதான். தாழ்ப்பாளைத் தேய்த்து எண்ணெயும் விட்டிருக்கிறேன். சின்னப் பிள்ளை விரல் பட்டாலே வழுக்கிக்கொண்டு போகிறது. உன் பேரனையும் அழைத்து வா. அவனுக்காக அந்த முக்காலியைக் கதவோரம் வைத்துவிட்டுப் போகிறேன்.

உன் தங்கை