பேய் இல்லை அக்கா, மாத்திரை

உன் முக்காட்டை இன்று வெயிலில் போட எடுத்தேன், அக்கா. பெட்டியைத் திறந்ததும் மாதா கோயில் சாம்பிராணி வாசனை. நீ போய்ச் சேர்ந்தும் உன் துணி மட்டும் பூசைக்குப் போய் வருகிறது போல. சிரிப்பு வந்தது. கூடவே கோபமும் வந்தது.

இல்லாத குரல்களோடு நான் பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஊரே பேய் என்றபோது, என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவள் நீதான். அதை மறக்கவில்லை. அப்போது புதிதாக வந்திருந்த மாத்திரையைக் கொடுத்தார்கள். குரல்கள் அடங்கின, கால்கள் அடங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்துவிட வேண்டும், நின்றால் நடந்துவிட வேண்டும், அப்படி ஒரு தவிப்பு. ராயபுரத்து வீட்டில் அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்தே தரையைத் தேய்த்துவிடுவேன் என்று கேலி செய்வாய்.

உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். "மனசு தெளிஞ்சிட்டுதுக்கா. காதுல ஒண்ணும் கேக்கல. இந்த மாத்திரை போட்டதுலேர்ந்துதான் காலு இருப்பு கொள்ள மாட்டேங்குது."

"தெரியுது கண்ணு. டாக்டராண்ட நானே சொல்றேன்" என்றாய். நம்பினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் நன்மை அப்பத்தை உயர்த்திக் காட்ட, எழுந்தேற்ற மணி அடித்தது. எல்லாரும் முழந்தாளிட்டுத் தலை குனிந்திருக்க, என்னால் முடியவில்லை. எழுந்து வாசலுக்கு நடந்தேன். "நன்மையப் பாத்து பேய் ஓடுது பாரு" என்று பின்னாலிருந்த பெண்கள் சொன்னது எனக்கும் கேட்டது, உனக்கும் கேட்டது.

அடுத்த முறை டாக்டர் முன்னால் நீ சொன்னாய்: "பூசையில எழுந்து ஓடறா டாக்டர். பேய் திரும்பி வந்துகினு கீது." நான் காலைத் தொட்டுக் காட்டிச் சொன்னேன். அவர் உன் முகத்தைத்தான் பார்த்தார். மாத்திரையைக் கூட்டினார்.

வெளியே வந்து ஏன் என்று கேட்டேன். "ஊரே சொல்லுதுடி. நான் இன்னா பண்றது?" என்றாய். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது, சரி. உன் வாயை மூடியிருக்கலாமே!

அதன் பிறகு என் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கை விறைத்து மீன் முள் எடுக்க வரவில்லை. நீதான் முள் பார்த்து ஊட்டினாய். அன்பாகத்தான் ஊட்டினாய், அதுதான் இன்னும் எரிகிறது.

கடைசியில் வேறொரு டாக்டரம்மா உன்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னைக் கேட்டார். "நடன்னு குரல் ஏதாவது சொல்லுதா, இல்ல காலே நிக்க மாட்டேங்குதா?"

"காலுதாம்மா."

மாத்திரையைக் குறைத்தார், விறைப்புக்கு வேறொன்று கொடுத்தார். கொஞ்ச நாளில் ஓரிடத்தில் உட்கார்ந்து சோறு தின்றேன். பேய் போனதற்காக நீ மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாய். "நீ சொன்னது நெசம்டி" என்று சாகும்வரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன மழைக்காலத்தில் நீ படுத்தபோது, "அந்த மருந்து குடிச்சா நெஞ்சு எரியுதுடி" என்றாய். காய்ச்சலில் உளறுகிறாய் என்றார்கள் உன் பிள்ளைகள். நான் உன் வாயைப் பார்த்தேன். இப்போதெல்லாம் யார் உடம்பு நோகிறதென்றாலும் நோகிறவர் வாயைத்தான் பார்க்கிறேன், கூட வந்தவரை அல்ல. டாக்டரிடம் போய் நீ சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் மருந்தை மாற்றினார். எரிச்சல் இல்லாமல் தூங்கினாய்.

அவ்வளவுதான் அக்கா. நான் உன்னிடம் கேட்டதும் அவ்வளவுதான்.