பதினோரு ஒன்றுகள்

சேசு மரி சூசை துணை

சந்தவாசல்,
4 டிசம்பர் 1938

சென்னையில் கணக்குப் படிக்கும் என் வீட்டுக்காரருக்கு அன்னமேரி அன்போடு எழுதிக்கொண்டது. நானும் அத்தையும் சுகம். உங்கள் சுகத்தையும் அந்த எண்ணின் சுகத்தையும் அறிய ஆவல். அதைப் பற்றித்தானே பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். எனக்குக் கடைசி வரியில் ஒரு விசாரிப்பு.

ஜவ்வாது மலையிலிருந்து கடுக்காய் மூட்டைகள் இறங்கத் தொடங்கிவிட்டன. அத்தைக்கு முழங்கால் வலி குறையவில்லை. உட்கார்ந்து எழும்போதெல்லாம் உங்கள் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

ஈஸ்டருக்குப் பிறகு நீங்கள் வரவே இல்லை. பதினோரு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வரும் 11111111111 எதனாலும் வகுபடாது என்று நிரூபித்துவிட்டுத்தான் ஊருக்கு வருவீர்களாம். "அவள் அழகே தனி" என்று வேறு எழுதியிருந்தீர்கள். எண்ணுக்கு அவள் என்ன, இவள் என்ன? எனக்கு வயிறு எரிந்தது. மனுஷியாக இருந்தால் தலைமயிரைப் பிடித்திருப்பேன். இந்தச் சக்களத்தியை என்ன செய்வது?

வகுத்துப் பார்த்தேன்.

வழி நீங்கள் எழுதியதுதான். அவளை வகுக்கும் பகா எண் இருந்தால், அதை இருபத்திரண்டால் வகுக்க மீதி ஒன்று வந்தாக வேண்டும். ஒவ்வொன்றாக வகுப்பது குமாஸ்தா வேலை என்று நீங்கள் ஒதுக்கிவிட்டீர்கள். ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித்தரும் எனக்கு அந்தக் கௌரவமெல்லாம் ஏது? 23, 67, 89 என்று ஆரம்பித்தேன். உலை கொதிக்கும் நேரமெல்லாம் அடுப்பங்கரைச் சுவரில் கரியால் வகுத்தேன். பக்கத்து வீட்டு முத்தம்மாள் பார்த்துவிட்டு, "இன்னா டீச்சரம்மா, வூட்டுக்காரர் வர்ற நாளை எண்றீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை.

போன வாரம் ஒரு எண்ணில் மீதி வரவில்லை. மூன்று முறை சரிபார்த்தேன். உங்கள் அழகி உடைந்துவிட்டாள்.

அவளை ஜெயித்த சந்தோஷம் வரும் என்றிருந்தேன். மீதி சுழியாக நின்றதும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. சோறு குழைந்ததுகூடத் தெரியவில்லை. அப்புறம் பொறாமை உங்கள் பக்கம் திரும்பியது. இந்தச் சுகத்தை எட்டு மாதமாகத் தனியாகவே அனுபவித்திருக்கிறீர்களே! ஒரு நாளாவது என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டியிருக்கக் கூடாதா?

எந்த எண் என்று எழுத மாட்டேன். ஐந்து இலக்கம், கூட்டினால் இருபத்திரண்டு. அது சுவரில்தான் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க அத்தை அவசரப்படுத்துகிறார்கள். அந்த ஒரு சுவரை மட்டும் இருபத்திரண்டாம் தேதி வரை விட்டுவைக்கக் கெஞ்சியிருக்கிறேன்.

தயவுசெய்து அங்கேயே கண்டுபிடித்துவிடாதீர்கள். உங்களால் முடியும். அதுதான் எனக்குப் பயம்.

அடுத்து பதினேழு ஒன்றுகளைப் பிடிப்பதென்றால் இங்கே வந்து பிடியுங்கள். சுவர் வெள்ளையாக இருக்கும், கரியும் நிறைய இருக்கிறது. தேவமாதா உங்களை வீட்டு வாசல் வரைக்கும் பத்திரமாகக் கூட்டிவரட்டும்.

உங்கள்
அன்னமேரி