எல்லோரும் வரலாம் என்ற கச்சேரி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

ஆஸ்திரேலியாவின் இந்த ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பொழுது போகவில்லை என்றேனே, பூங்காவில் இலவசக் கச்சேரி, எல்லோரும் வரலாம் என்று விளம்பரம் பார்த்து, கூட வேலை செய்யும் டோரீனுடன் போனேன். அவள் இந்த மண்ணின் பூர்வகுடி.

காவலாளி வாசலில் அவளை மட்டும் மறித்தான். “நீங்க வாங்க. அந்தம்மாவுக்கு எடமில்ல.”

“எனக்கு மட்டும் எடம் எங்கேருந்துய்யா மொளச்சுது?” என்று கத்தினேன். எனக்குப் பின்னால் வந்தவர்களையும் உள்ளே விட்டான், அம்மா!

“விடுடி லெசியெலி, எங்க ஊர்ல தெனமும் நடக்குற வேடிக்கை இதுதான்” என்றாள் டோரீன்.

நான் விடவில்லை. வாசலை அடைத்து நின்றேன். அமைப்பாளர் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டு அழைத்தும் அவள் வர மறுத்துவிட்டாள். நானும் போகவில்லை. அவள் வீட்டில் அக்கா தங்கைகளோடு பாடினோம்.

நம் தொங்கா தீவுப் பாட்டுப் புத்தகத்தை அனுப்புங்கள். நம் பாட்டு அவர்களுக்குத் தெரியாது, நான் தனியாகப் பாடினால் பாதி வரி மறந்துபோகிறது. வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உங்கள் லெசியெலி